வந்தவாசியில் ஃபிரிட்ஜ்

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிக் கோட்டைக்கு வெளியே அயர் கூட்டின் கம்பெனிப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. அந்தக் களத்தில் ஃபிரிட்ஜ் இருந்ததாக எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதவில்லை. நான் எடுத்த போட்டோவில் இருந்தது. சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டி அணிவகுத்து நிற்க, அவர்கள் தலைக்கு மேலே வானளாவ இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். அதில் காந்தம் வைத்து ஒட்டிய கேஸ் ரசீது.

பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடாவால் தூரம் அளந்து, பழைய போர்களைத் திரும்ப நடத்திப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. வார்கேமிங் என்பார்கள். ஆடுகிறவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகள் அல்ல, பி.எஃப். லோன் போட்ட ஆசாமிகள். செவ்வாய்க் கிரகவாசிகளை லண்டன்மேல் ஏவிவிட்ட எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் இதற்கென்றே ‘லிட்டில் வார்ஸ்’ என்று விதிமுறைப் புத்தகம் போட்டார். அவர் வீட்டில் ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் பொம்மைப் பீரங்கியை எடுத்து முதல் சிப்பாயைக் குறிபார்த்துச் சுட்டவர் ஜெரோம் கே. ஜெரோம். நகைச்சுவை எழுத்தாளர் தொடங்கிவைத்த யுத்தம் என்பதால்தான் அதில் எனக்கும் ஒரு பாத்தியதை இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்தப் பாத்தியதை செல்லுபடியாவதில்லை. சாப்பாட்டு மேஜைமேல் ஆறடிக்கு நாலடிப் பலகை ஏறியவுடன் எதிர் ஃபிளாட் மாமி எட்டிப் பார்த்து, “புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கே, இப்பவே கொலுவா?” என்றார். என் மனைவி, “இது அவரோட கொலு மாமி. சுண்டல் கிடையாது” என்றாள். மாமி அப்போதே ஆர்வம் இழந்துவிட்டார்.

ஆக, ஃபிரிட்ஜை மறைக்க ஒரு பின்திரை வேண்டும். வந்தவாசி மண், வந்தவாசி வானம், தூரத்தில் மரங்கள். பார்த்தவுடன் ‘அந்தக் காலம்’ என்று நெஞ்சு உருக வேண்டும். பிளைவுட்டை வெட்டி வந்து பிரைமர் அடித்தேன். மினுமினுப்பு இல்லாத எமல்ஷன் வேண்டும், பளபளத்தால் வானத்தில் டியூப்லைட் தெரியும். வெளிர் நீலம் கேட்டதற்குக் கடைக்காரர், “குழந்தை ரூமுக்கா சார்?” என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தவறில்லை.

பின்திரை எழுதுவதில் பெரிய சங்கதி தொடுவானம்தான். மேஜைக்கு மேலே குனிந்து பார்க்கிற நமக்குப் பருந்தின் பார்வை. கேமராவை வைப்பதோ 28 மில்லிமீட்டர் சிப்பாயின் கண் மட்டத்தில். அதனால் அடிவானக் கோடு மேஜையிலிருந்து ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே ஓடினால் போதும், மிச்சமெல்லாம் ஆகாயம். ஆகாயமும் உச்சியில் அடர்ந்து, கீழே வரவரப் பால் கலந்தாற்போல் வெளிற வேண்டும். தூரத்துப் பொருள் எதற்கும் சொந்த நிறம் கிடையாது. பச்சை மரமும் எட்டத்தில் சாம்பல் நீலம்தான். இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டேன்.

பிரஷ் வேறு எங்கோ படித்திருந்தது. அது நேராகப் போய் இரண்டு முக்கோண மலை போட்டது. நடுவில் அரைச் சூரியன். சூரியனுக்குக் கீழிருந்து வளைந்து வளைந்து ஓர் ஆறு. ஆற்றோரம் ஒரு குடிசை, அதன்மேல் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு காக்கை, டிக் மார்க் போட்டதுபோல. அஞ்சாம் வகுப்பு டிராயிங் நோட்டில் ‘இயற்கைக் காட்சி’ வரைந்த எவனுக்கும் இந்தக் கதிதான். என் பையன் பார்த்துவிட்டு, “சூப்பர்ப்பா, ரெண்டு மார்க் கூடவே போடலாம்” என்றான்.

சூரியன் முதலில் போனது. சண்டை உச்சத்துக்கு வந்தது நடுப்பகலை ஒட்டி. சூரியன் தலைக்கு மேலே இருந்திருக்கும், பலகைக்குள் அவருக்கு வேலையில்லை. ஆறும் போனது, களத்தில் இருந்தவை குளங்கள். ஆனால் மலை விஷயத்தில் சரித்திரம் என் பக்கம். வந்தவாசிக்குப் பக்கத்தில் வெண்குன்றம் இருக்கிறது, உச்சியில் தவளகிரீஸ்வரர் கோயிலோடு. கூட் தன் படையை மலையடிவாரத்தை ஒட்டித்தான் நகர்த்தினார், கல்லும் கரடுமான தரையில் குதிரைப்படை பாய்ந்து வராது என்பதற்காக. இரண்டு முக்கோணத்தில் ஒன்றை நீல வெளுப்பாக்கி வைத்துக்கொண்டேன்.

மரங்களில்தான் மானம் போயிற்று. ‘நம்ம ஊர்’ என்றதும் மனசில் வருகிற மரங்களை ஒவ்வொன்றாக விசாரித்தேன். கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக் கருவேலம்: அது அமெரிக்கப் பக்கத்துச் சரக்கு, வந்தது 19-ஆம் நூற்றாண்டில். பள்ளிக்கூட வாசலில் நிழல் கொடுத்த தூங்குமூஞ்சி மரமும் தென்னமெரிக்க வகையறா. மே மாதம் சிவப்பாகப் பூத்து, கல்லூரிக் காதலர்களையெல்லாம் கவிஞர்களாக்கிய செம்மயிற்கொன்றைக்குப் பூர்வீகம் மடகாஸ்கர். வேலியோரத்து உண்ணிச்செடியும் குட்டையில் மிதந்த ஆகாயத்தாமரையும் அப்படித்தான். என் பால்யத்தை 1760-இன் வாசலில் நிறுத்தி பாஸ்போர்ட் கேட்டால் பாதி மரம் உள்ளே வர முடியவில்லை. தப்பிய கூட்டம் பனை, வேம்பு, ஆல், அரசு. புளியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் வந்து அத்தனை காலம் ஆனதை ரேஷன் கார்டாக ஏற்றுக்கொண்டேன். சாம்பார் வைக்கிற வீட்டில் அதற்குமேல் கண்டிப்புக் காட்ட முடியாது.

பனை எனக்கு வரவில்லை. தெருமுனையில், ஒரு காலத்தில் நாடகத்துக்குப் படுதாவும் தேர்தலுக்குச் சுவரும் எழுதிய பெயிண்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார்; கூப்பிட்டேன். மேஜையை ஒரு சுற்று சுற்றிவந்து, சிப்பாய்களை எண்ணுவதுபோல் பார்த்து, “நாடகம் எப்ப சார்?” என்றார். விளக்கினேன். விளக்கம் முடிந்ததும், “சரி, நாடகம் எப்ப?” என்றார்.

ஆனால் கை இருக்கிறதே! பிய்ந்த ஸ்பாஞ்சில் சாம்பல் பச்சையைத் தொட்டு, துணியில் பாதியைத் துடைத்துவிட்டு, பலகையில் சும்மா ஒத்தினார், தோப்பு வந்தது. மெல்லிய பிரஷ்ஷைக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பு, உச்சியில் விசிறி மாதிரி ஏழெட்டுக் கீறல். “இதோட விட்டா தென்னைன்னு சொல்லிருவாங்க சார்” என்று கழுத்துக்குக் கீழே மங்கிய பழுப்பில் காவோலை நாலு தொங்கவிட்டார். பனை நின்றது. “அந்தக் காலத்துல பவுடர் கலரை வச்சிரப் பசையில குழைச்சு அடிப்போம். காய்ஞ்சா வெளுத்துடும், அதை மனசுல வெச்சுத்தான் அடிக்கணும்” என்றார்.

அவர் சொன்ன அந்தக் காலத்தின் பெரிய கை சி. கொண்டைய ராஜு (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டே கோவில்பட்டி வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கிய காலண்டர் சாமிகளை எழுதியவர். சாமிக்குப் பின்னால் ஒரு மலை, ஒரு தடாகம், மங்கிய சோலை இருக்குமே, நான் ஏங்குகிற ‘சொந்த ஊர்’ அதுதான் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நிஜமான என் சொந்த ஊரில் பஸ் ஸ்டாண்டும் அரிசி ஆலையும்தான் உண்டு. அதற்காக யாரும் ஏங்கியதில்லை, அதில் நானும் சேர்த்தி. என் பெரியம்மா கல்யாணப் போட்டோவிலும் இதே கதை: ஸ்டூடியோவில் தொங்கிய சுவிட்சர்லாந்து ஏரிக்கு முன்னால் இருவரும் விறைப்பாக நிற்கிறார்கள். அந்தக் குளிரில் நின்றதாலோ என்னவோ பெரியப்பா முகத்தில் அவ்வளவு நடுக்கம்.

சந்தேகம் வந்ததே தவிர, மலைக்கு அடியில் காலண்டர் நீலத்தில் ஒரு சின்னத் தடாகத்தை நானே வைத்துவிட்டேன். யாராவது கேட்டால் லாலியின் இடது பக்கத்துக் குளம் என்பேன். அந்தக் குளத்தில் அன்று தண்ணீர் இருந்ததா என்று யாரும் கேட்பதற்குள் பகடையை உருட்டிவிடுவேன்.

ஒரு செலவு மட்டும் மிச்சமானது. முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை பிரெஞ்சுக்காரர் பக்கம் வந்திருந்தது. காலையில் பீரங்கிக் குண்டு இரண்டு வாங்கியதும் ஒதுங்கிப்போய், பெரிய சண்டையில் கலந்துகொள்ளாமல் எட்டவே நின்றுவிட்டது. குதிரை பொம்மை என்ன விலை விற்கிறது தெரியுமா? அண்ணனிடம் சொல்லி அடிவானத்தில் கொஞ்சம் தூசியும், தூசிக்குள் பத்துப் பதினைந்து புள்ளியும் வைக்கச் சொன்னேன். குதிரைப்படை தயார்.

முதல் ஆட்டத்தில் லாலியாக ஆடியவன் என் பள்ளித் தோழன். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தெளித்த செம்மண்ணையோ காவோலையையோ அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இடது பக்கத்தில் வெடிமருந்து வண்டி வெடித்து (பஞ்சு வைத்திருந்தேன்) அணி கலைந்ததும்தான் நிமிர்ந்து பின்திரையைப் பார்த்தான்.

“டேய், அது என்ன புள்ளி?”

“முராரி ராவ் குதிரைப்படை.”

“யார் பக்கம்?”

“உன் பக்கம்தான்.”

“அப்ப இறக்குடா!”

“அவங்க படுதாவுல இருக்காங்க. இறங்க மாட்டாங்க.”

“சம்பளம் பேசித்தானே கூட்டிட்டு வந்தேன்?”

“லாலியும் அதைத்தான்டா கேட்டிருப்பார்” என்று பகடையை அவன் பக்கம் தள்ளினேன்.