விசில் யார் கையில்

இன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தண்டலத்தில் ஒரு பிள்ளை மேடையிலிருந்து விழுந்தால் பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்கிறது. 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. கல்லூரிகளில் கல்ச்சுரல்ஸ் என்றால் காலையிலேயே ஒரு ஆம்புலன்ஸ் வந்து பின்வாசலில் நின்றுவிடும். நான் பள்ளியில் படித்தபோது இவை எதுவும் கிடையாது. ராஜலட்சுமி பொறியியல் கல்லூரி வந்தது 1997இல். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது 1998இல். அதற்கு முன்னால் இந்தப் பக்கம் ஏரியும் நெல்லும் செங்கல் சூளையும்தான். கை கால் முறிந்தால் ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரி. அங்கே முடியாது என்றால் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.

எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் விழுந்த ஒரு சிறுமியை என்ன செய்தார்கள் என்று பார்த்திருக்கிறேன். எல்லாம் வந்துவிட்ட இந்தக் காலத்தில் விழுந்த ஒரு மாணவியை என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்தேன். இடையில் நான் பிசியோதெரபி படித்து, அடிபட்ட உடம்புகளோடு வேலை செய்பவளாகிவிட்டேன். அதனால் இரண்டையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவின் கடைசி நிகழ்ச்சி எப்போதும் பிரமிடு. பேண்டு டிரம் அடிக்கும். பி.டி. மாஸ்டர் முதல் விசில் ஊதினால் உயரமான பெண்கள் வரிசையாகக் கையையும் முட்டியையும் ஊன்றிக் குனிவார்கள். இரண்டாவது விசிலுக்கு நாங்கள் அவர்கள் முதுகில் ஏறி மண்டியிடுவோம். முட்டிக்குக் கீழே இன்னொருத்தியின் முதுகு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவது தெரியும். வியர்வையில் சட்டை வழுக்கும். மூன்றாவது விசில், நான்காவது விசில். கடைசியில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உச்சிக்கு ஏறி, காகிதக் கொடியைப் பிரித்து சல்யூட் அடிக்க வேண்டும். கீழே இருந்தது வெறும் தரை. முந்தின நாள் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள்.

ஒரு வருடம் கீழ் வரிசையில் ஒரு கை மடங்கியது. உச்சியில் இருந்தவள் பின்பக்கமாக விழுந்தாள். நாங்கள் சரிந்து ஒருவர் மேல் ஒருவர் கிடந்தபோது கேட்டது ஒரு நீண்ட விசில். டிரம் நின்றது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். பி.டி. மாஸ்டர் ஓடி வந்து சிறுமியின் தலைமாட்டில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் அவள் தலையை இரு பக்கமும் பிடித்துக்கொண்டார். அசைக்கவில்லை. அப்படியே பிடித்திருந்தார்.

“யாரும் தொடாதீங்க. தூக்காதீங்க” என்றார். கோலி சோடாவோடு ஒருவர் வந்தார். வலிப்பு வந்துவிடும் என்று பயந்து ஒரு அம்மா சாவிக்கொத்தை நீட்டினார். மடியில் அள்ளிப் போட்டுக்கொள்ள அவள் பாட்டி வந்தார். “ஆயா, கொஞ்சம் பொறு. கழுத்துல அடின்னா தூக்கினாதான் ஆபத்து” என்று சொல்லிவிட்டு, சிறுமியின் கண்ணைப் பார்த்தே பேசினார்: “பாப்பா, தலைய ஆட்டாத. என்னையே பாரு. கால் கட்டை விரல அசை பாக்கலாம். இன்னொரு கால்.” இரண்டும் அசைந்தன. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி வகுப்பில் கற்றதைத்தான் அவர் செய்தார் என்று பிறகு தெரிந்தது. சத்துணவுக் கூடத்துக் கதவைக் கழற்றி வரச் சொன்னார். தலையை ஒருவர் பிடிக்க, மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் என்று பிடித்து, அவர் எண்ணிய எண்ணிக்கைக்கு ஒரே நேரத்தில் மரக்கட்டையைப் புரட்டுவதுபோலப் புரட்டி, கதவை அடியில் நுழைத்தார்கள். செங்கல் ஏற்றி வந்த லாரி நிறுத்தப்பட்டது. விழா அத்தோடு முடிந்தது. சிறப்பு விருந்தினர் பரிசு கொடுக்காமலே கிளம்பினார். எங்கள் பரிசுகளை மறு வாரம் வகுப்பறையில் கொடுத்தார்கள்.

கழுத்துக்கு ஒன்றும் இல்லை. காறை எலும்புதான் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தூளி மாதிரிக் கட்டி அனுப்பினார்கள். பாட்டி விடாமல் புத்தூருக்கும் அழைத்துப்போய்க் கட்டு போட்டு வந்தார். முட்டை வெள்ளை காய்ந்த வாசனையோடு அவள் வகுப்புக்கு வந்தது நினைவிருக்கிறது. அடுத்த வருடம் பிரமிடு மூன்று அடுக்காகக் குறைந்தது. யாரும் சுற்றறிக்கை விடவில்லை. மாஸ்டரே குறைத்துவிட்டார்.

இதே பிரமிடு ஜப்பான் பள்ளிகளிலும் விளையாட்டு விழாவின் உச்சமாக இருந்தது. 2015 செப்டம்பரில் ஒசாகா மாகாணத்தின் யாவோ நகரப் பள்ளியொன்றில் பத்து அடுக்குப் பிரமிடு சரிந்து மாணவர்கள் காயப்பட்டார்கள். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டே ஒசாகா நகரக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் பிரமிடைத் தடை செய்தது. நம் பள்ளிகளில் அது தானாகத் தேய்ந்துபோனது. ஆனால் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தும் ஆசை தேயவில்லை. அது கல்லூரி மேடைக்குக் குடிபோனது.

கல்ச்சுரல்ஸில் குரூப் டான்ஸ் என்றால் இப்போது தூக்கல் இல்லாமல் பரிசு கிடைக்காது. நாலு பையன்கள் கைகளைப் பின்னி ஒரு பெண்ணை மேலே எறிந்து பிடிக்கிறார்கள். தோள் மேல் தோளாக மூன்று ஆள் உயரம் நிற்கிறார்கள். உலகத்தில் இதற்குப் பெயர் போட்டிச் சியர்லீடிங். ஐ.பி.எல். பவுண்டரிக்கு வெளியே ஆடியதைப் பார்த்து அதை வெறும் ஆட்டம் என்று நினைத்துவிட்டோம். இரண்டரை நிமிடத்துக்குள் எறிதல், பிடித்தல், குட்டிக்கரணம், பிரமிடு எல்லாவற்றையும் அடுக்கும் கடுமையான விளையாட்டு அது. சர்வதேச சியர் சங்கத்துக்கு ஒலிம்பிக் கமிட்டி 2021இல் முழு அங்கீகாரம் கொடுத்தது. நம் பிள்ளைகள் அதன் சாகசங்களை யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அதன் விதிப்புத்தகத்தை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

போன வருடம் இந்தப் பகுதிக் கல்லூரி ஒன்றின் விழாவில் முதலுதவிக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடையின் மேல் சிவப்புக் கம்பளம், அதற்கு அடியில் இரும்புச் சட்டமும் பிளைவுட்டும். ஓர் அணி ஆடிக்கொண்டிருந்தது. எறியப்பட்ட பெண் கொஞ்சம் சாய்ந்தே இறங்கினாள். ஒரு பக்கத்துக் கைகள் விலகின. பின்மண்டை பலகையில் மோதிய சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது.

பாட்டு நிற்கவில்லை. அதுவும் ஒரு ஸ்டெப் என்று நினைத்த கூட்டம் விசில் அடித்தது. இரண்டு பையன்கள் ஆட்டத்துக்கு நடுவிலேயே அவளைக் கைக்கு ஒருவராகப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்கள். அவள் தலை தொங்கியபடி வந்தது. நான் மேடைப் படி ஏறும்போது ஒருங்கிணைப்பாளர் குறுக்கே கை நீட்டி, “மேடம், இன்னும் ஒன்றரை நிமிஷம்தான், டீம் மார்க் போயிடும்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நேரம் தாண்டினாலும் பாட்டு நின்றாலும் மதிப்பெண் குறையும் என்று விதித்தாளில் இருந்தது. அடிபட்டால் என்ன என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு ஸ்பீக்கர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

அவள் தலையைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். கை கால் எல்லாம் அசைந்தது. “ஒண்ணும் இல்ல மேடம், எனக்கு ஃபைனல்ஸ் இருக்கு” என்றாள். பிறகு, “நாங்க ஆடி முடிச்சிட்டோமா?” என்று கேட்டாள். சொன்னேன். ஒரு நிமிடம் கழித்து அதையே, அதே குரலில், “நாங்க ஆடி முடிச்சிட்டோமா?” என்று கேட்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். மூளை அதிர்ச்சியின் மிகத் தெளிவான அடையாளங்களில் அது ஒன்று. எழுந்து நிற்கிறாள், சிரிக்கிறாள், அதனால் சரியாகிவிட்டாள் என்று அவளைத் திரும்ப மேடையேற்றியிருந்தால்? முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளை அதிர்ச்சி மாநாட்டின் முடிவும் நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருவதுதான்: சந்தேகம் வந்தாலே வெளியேற்று, அன்றைக்குத் திரும்ப விடாதே. பிறகு படிப்படியாகத்தான் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. அவள் தேறிவிட்டாள். ஆனால் அவளைத் தன் நண்பர்களே இழுத்துப் போட்ட அந்த இருபது அடி தூரம் என்னை இன்னும் உறுத்துகிறது. கழுத்து முறிந்திருந்தால் அந்த இழுப்பே போதும்.

இப்படியொரு விழுதல்தான் அமெரிக்காவையும் யோசிக்க வைத்தது. 2006 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கூடைப்பந்து இறுதிப்போட்டியின்போது, தெற்கு இலினாய் பல்கலைக்கழகத்தின் சியர்லீடர் கிறிஸ்டி யமாவோகா பிரமிடின் உச்சியிலிருந்து, சுமார் 15 அடி உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பில் விரிசல், மூளை அதிர்ச்சி, நுரையீரலில் காயம். கழுத்துப் பட்டையும் ஸ்ட்ரெச்சருமாக அவரை வெளியே கொண்டுபோகும்போது பேண்டு தன் பல்கலைக்கழகப் பாட்டை வாசிக்க, படுத்தபடியே கைகளை அசைத்து ஆடினார். அந்தத் துணிச்சலை ஊரே கொண்டாடியது. எனக்குப் பெரிதாகப் படுவது அவருக்குக் கழுத்துப் பட்டை போட்டு அசையாமல் கட்டிய பிறகே நகர்த்தினார்கள் என்பது. அடுத்த வாரம் நடந்த பெண்கள் போட்டியில், அந்த இறுதிப்போட்டியை நடத்திய லீக் இத்தகைய சாகசங்களைத் தடுத்தது. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் சியர்லீடிங்கை விளையாட்டாகவே கருதி மற்ற விளையாட்டுகளுக்குள்ள பாதுகாப்பைத் தரச் சொன்னது. பிரமிடும் தூக்கலும் கடினமான தரையில் கூடாது என்றது.

சர்வதேச சியர் சங்கத்தின் விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நிறுத்துவது யார் என்று சொல்லும் பகுதி. போட்டி அதிகாரி நிறுத்தலாம், அந்த அணியின் பயிற்சியாளர் நிறுத்தலாம், அடிபட்டவரே நிறுத்தலாம். நிறுத்தினால் அணி அழிந்துபோகாது. அதிகாரிகள் அனுமதித்தால் மறுபடி முதலிலிருந்து ஆடலாம். மதிப்பெண் மட்டும் நின்ற இடத்திலிருந்து எண்ணப்படும். அந்த ஒரு வரி எங்கள் விதித்தாளில் இருந்திருந்தால் அந்தப் பையன்கள் அவளை இழுத்திருக்க மாட்டார்கள். அவர்கள் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருப்பார்கள்.

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள்தான் இந்தக் கல்லூரிகளில் நிறையப் பேர். டொயோட்டாவில் தொடங்கி உலகெங்கும் பரவிய பழக்கம் ஒன்று கார் ஆலைகளில் உண்டு: கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். ஒரு கதவுக் கைப்பிடிக்காக நிறுத்த முடிகிற இடத்தில் ஒரு பெண்ணின் மண்டைக்காக நிறுத்த முடியாதா? நெடுஞ்சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. சாலைக்கு இவ்வளவு யோசித்த நாம் மைதானத்துக்கும் மேடைக்கும் யோசிக்கவில்லை. நடனத்தில் மட்டும் இந்தக் குறை இல்லை. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடி ஆட்டத்தில் பிடிபட்டு விழுந்த இளைஞர் எழ முயன்று மறுபடி சாய்ந்ததைத் தமிழ்நாடே கைபேசியில் பார்த்தது. அவர் பிழைக்கவில்லை. அன்றிரவும் பல ஊர்களில் டியூப் லைட் வெளிச்சத்தில் கபடி நடந்திருக்கும். எத்தனை இடத்தில் கழுத்துப் பட்டை இருந்திருக்கும்?

எங்கள் பி.டி. மாஸ்டரிடம் பட்டையும் இல்லை, ஸ்ட்ரெச்சரும் இல்லை. வாயில் விசில் இருந்தது, அதை ஊதினால் எல்லோரும் நிற்பார்கள் என்ற நிலை இருந்தது. இன்றைய மேடையில் ஆங்கர், சவுண்டு ஆள், ஈவென்ட் மேனேஜ்மென்ட், மாணவர் குழு, நடுவர்கள், விளம்பரம் கொடுத்த கடைக்காரர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். நிறுத்தச் சொல்லும் ஆள் இல்லை.

இந்த வருடம் கூடாரத்தில் உட்காரச் சொல்லி அழைத்த கல்லூரிகளிடம் நான் முன்கூட்டியே கேட்டது கொஞ்சம்தான். சவுண்டு மேசைக்குப் பக்கத்தில் எனக்கு இடம், நான் கை தூக்கினால் பாட்டு நிற்க வேண்டும், அதனால் எந்த அணிக்கும் மதிப்பெண் குறையாது என்பது விதித்தாளில் அச்சாக வேண்டும். ஒரு கல்லூரி உடனே அச்சடித்துவிட்டது. இன்னொன்று நடுவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒத்திகை. சியர்லீடிங் காயங்களில் பெரும்பகுதி நேர்வது போட்டியில் இல்லை, பயிற்சியில். இங்கே பயிற்சி நடப்பது ஹாஸ்டல் மொட்டை மாடியிலும் பார்க்கிங் சிமென்ட் தரையிலும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. ஆசிரியர் இருக்க மாட்டார், மெத்தையும் இருக்காது. ஜிம்னாஸ்டிக் மெத்தை உடற்கல்வித் துறை அறையில் பூட்டிக் கிடக்கும், சாவி ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடும். அந்தச் சாவியை இரவு ஒன்பது வரை வார்டனிடம் வைக்கச் சொல்லியும், மெத்தை இல்லாத இடத்தில் யாரையும் தோளுக்கு மேல் தூக்க அனுமதிக்க வேண்டாம் என்றும் முதல்வர்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒத்திகைகள் அடுத்த மாதம் தொடங்குகின்றன.