பிரசவத்துக்குப் பெட்டி கட்டுவது எப்படி?

முதல் பிரசவத்தில் கணவனுக்கென்று தனியாக ஒரு வேலையும் கிடையாது. வலி அவளுக்கு, பொறுப்பு டாக்டருக்கு, அதிகாரம் மாமியாருக்கு. மிச்சம் இருப்பது பெட்டி கட்டுவது ஒன்றுதான். அதையாவது உருப்படியாகச் செய்வோம் என்று இறங்கியவன் நான். அதில் கற்றதை அடுத்து வரும் தகப்பன்மாருக்காக வரிசைப்படுத்தித் தருகிறேன். அப்படியே பின்பற்றுங்கள். நானாகவே ஆகிவிடுவீர்கள்.

1. தேதியை நம்புங்கள்

கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 280 நாள் எண்ணி டாக்டர் ஒரு தேதி எழுதித் தருவார். உடனே காலண்டரில் வட்டம் போடுங்கள். ஆபீசில் லீவு சொல்லுங்கள். வளைகாப்பு முடிந்து மனைவி மதுரைக்குப் போயிருப்பாள்; நீங்கள் சென்னையில் இருப்பீர்கள்; பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுங்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் அந்தத் தேதியை ஐந்து நாள் தள்ளி வைத்திருப்பது அப்புறம்தான் உங்கள் கண்ணில் படும். டிக்கெட்டை மாற்றுங்கள். சொன்ன தேதியில் பிறப்பது ஏறக்குறைய இருபதில் ஒரு பிள்ளைதான், 37 வாரம் முடிந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் வலி எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் பிள்ளை சொன்ன நேரத்துக்கு வரும். நீங்கள் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தீர்கள் என்று மனைவி கேட்டால் போன் சிக்னல் போய்விட வேண்டும்.

2. நல்ல பெட்டியாக வாங்குங்கள்

36-வது வாரத்துக்குள் பெட்டி தயாராக இருக்க வேண்டும் என்பது நல்ல அறிவுரை. ஆகவே நாலு சக்கரம் வைத்த டிராலி பெட்டியாக, நம்பர் பூட்டோடு வாங்குங்கள். பூட்டு எண் மூன்று இலக்கம். மே 26 என்று தேதி குறித்திருந்ததால் 265 என்று வைத்தேன். எண்ணை மாற்றும் விதம் ஒரு சின்ன அட்டையில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் ஆண்பிள்ளைக்கு அழகல்ல. கடையிலேயே போட்டுவிட்டு வாருங்கள்.

3. துணி எடுங்கள், ஆனால் யாருக்கும் தெரியாமல்

பிள்ளைத் துணிக் கடையில் முதல் கேள்வியே "பையனா, பொண்ணா?" என்பதுதான். கருவில் இருப்பது என்ன என்று பார்த்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்கேன் சென்டர் சுவரில் பலகையே மாட்டியிருக்கிறார்கள். கடைக்காரருக்கு இதை விளக்கப் போனேன். "அப்ப மஞ்சள் எடுங்க சார்" என்று முடித்துவிட்டார். ஜீரோ சைஸில் மஞ்சள் ஜப்லா ஏழு.

இதை மாமியார் வீட்டில் வாய்விட்டுச் சொன்னது என் பிழை. "பிள்ளை தரையில விழுறதுக்கு முன்னாடி புதுத் துணி எடுக்கக் கூடாது மாப்பிள்ளை" என்றார் அத்தை. அத்தோடு பேச்சு முடிந்தது. ஏழு ஜப்லாவும் பெட்டியின் அடியில் தலைமறைவாயின.

4. பட்டியல் போடுங்கள்

என் பட்டியலில் 47 சாமான். பேபி வைப்ஸ், இரண்டு தெர்மாமீட்டர், ரயிலில் கழுத்துக்கு வைக்கும் தலையணை, மனைவி பாட்டுக் கேட்க ஒரு ஸ்பீக்கர். லேபர் வார்டில் பாட்டுக் கேட்கும் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் ஸ்பீக்கருக்கு மாற்று பேட்டரியும் வைத்தேன்.

அத்தை பட்டியல் எதுவும் போடவில்லை. ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றை எடுத்து உதறினார். பிளாஸ்க், சொம்பு, இரண்டு டம்ளர், முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி மூன்று, பழைய பாவாடை, நாப்கின், சீப்பு, ஒரு போர்வை, ஒரு பாய். கடைசியாக மாமாவின் பழைய எட்டு முழ வேட்டியை எடுத்தார். துவைத்துத் துவைத்து வெள்ளை போய்ப் பால் நிறத்துக்கு வந்திருந்தது. முதலில் பச்சைக் கரையை இரண்டு பக்கமும் கிழித்துத் தனியே போட்டார். "கரை உறுத்தும்." பிறகு ஓரத்தைப் பல்லில் கடித்து ஒரு இழுப்பு. சர்ரென்று ஒரே கோட்டில் போனது. கிழித்ததையெல்லாம் வெந்நீரில் அலசி, மாடி வெயிலில் காயப்போட்டு, மடித்து அடுக்கினார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தி, "அது நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்கு முன்னால் வந்த ஆண் அவர்.

5. ஃபைலை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள்

ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எழுதிய சீட்டு, தாய் சேய் நல அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புக், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். நர்சம்மா கர்ப்பத்தைப் பதிந்து கொடுத்த பிக்மி எண் கட்டாயம் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து வரும் 18,000 ரூபாய்க்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. ஆகவே ஃபைலைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மனைவி பெட்டியைத் திறக்கச் சொல்லி ஃபைலை எடுத்து, கட்டைப்பையில் சொருகிவிட்டாள். எங்கள் இல்லறத்தில் அவள் எடுத்த சிறந்த முடிவு அதுதான் என்று பின்னால் தெரிந்தது. அவள் போனதும் பெட்டியைப் பூட்டி, எண்ணைக் கலைத்துவிட்டேன்.

6. வலியை அடையாளம் காணுங்கள்

முதல் இரண்டு தடவை வருவது சூட்டு வலியாக இருக்கும். அத்தை சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்; அடங்கிவிடும். நீங்கள் மட்டும் பெட்டியோடு தெருவில் ஆட்டோவை மறித்துக்கொண்டு நிற்பீர்கள். நிஜ வலி விட்டு விட்டு வரும். இடைவெளி குறையும், வலி கூடும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ கஷாயம் பக்கமே போகக் கூடாது; நேராக ஆஸ்பத்திரிதான். வண்டி கிடைக்காவிட்டால் 108. இந்த ஒரு பத்தியில் மட்டும் நான் விளையாடவில்லை.

எங்களுக்குப் பனிக்குடம் உடைந்தது மே 17, விடியற்காலை மூன்று மணி. 26-க்கு ஒன்பது நாள் பாக்கி. முதல் தடவை சூட்டு வலி என்றதுமே டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்ததால் நான் மதுரையில் இருந்தேன். இதைத் திட்டமிடல் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

7. வாசலில் பயனுள்ளதாக ஏதாவது செய்யுங்கள்

"ஆம்பளைங்க எல்லாம் வெளியே." கதவு சாத்தியாயிற்று. அத்தை உள்ளே, நானும் பெட்டியும் வெளியே. சரி, வைப்ஸையாவது எடுத்து வைப்போம் என்று 265 திருப்பினேன். திறக்கவில்லை. பழைய தேதிக்கு 215. இல்லை. என் பிறந்த நாள், அவள் பிறந்த நாள், பைக் நம்பரின் கடைசி மூன்று இலக்கம். அசையவில்லை. மூன்று இலக்கப் பூட்டுக்கு மொத்தம் ஆயிரம் எண்கள்தானே, பார்த்துவிடலாம் என்று 001-இலிருந்து ஆரம்பித்தேன். உள்ளே ஒருத்தி கத்தும் ஒவ்வொரு தடவையும் என் மனைவியா என்று விரல் நின்றுபோகும், எந்த எண்ணில் நின்றேன் என்பது மறந்துபோகும், மறுபடி 001.

ஏழாவது தடவையாக 412 வரை வந்தபோது சிஸ்டர் கதவைத் திறந்து, "பிள்ளைக்குத் துணி கொடுங்க" என்றார். நான் எழுவதற்குள் உள்ளேயிருந்து அத்தையின் கை வேட்டித் துண்டோடு நீண்டுவிட்டது. அதில் சுற்றித்தான் என் மகளை வாசல்வரை கொண்டுவந்து காட்டினார்கள். 2 கிலோ 900. மஞ்சள் இல்லை, பிங்க் இல்லை. மாமாவின் வேட்டி நிறம்.

8. முதல் மூன்று நாள் தவறாமல் பதறுங்கள்

முதல் மலம் தார் மாதிரி கறுப்பாக இருக்கும். டாக்டரைத் தேடி ஓடுங்கள். "அப்படித்தான் இருக்கும்" என்பார். மூன்றாம் நாள் எடை 2 கிலோ 700 என்று காட்டும். மறுபடி ஓடுங்கள், முதல் வாரத்தில் இறங்கித்தான் ஏறும் என்பார். பி.சி.ஜி. ஊசி, ஹெபடைட்டிஸ் பி ஊசி, போலியோ சொட்டு மூன்றும் போடும்போது பிள்ளையை விடச் சத்தமாக அழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தையும் தோற்ற இடம் ஒன்று உண்டு. கட்டைப்பையின் மூலையிலிருந்து சேனை வைக்கத் தேன் புட்டி வெளியே வந்தது. சிஸ்டர் பார்த்துவிட்டார். "ஒரு வயசு வரைக்கும் தேனை மோந்துகூடப் பார்க்க விடாதீங்கம்மா. சீம்பால் இருக்கு, அது போதும்." அத்தை புட்டியை முந்தானைக்குள் மறைத்த வேகத்தைப் பார்த்தபோது, பெட்டியின் அடியில் கிடந்த ஜப்லாக்கள் ஞாபகம் வந்து மனசுக்கு இதமாக இருந்தது.

9. வீடு திரும்புங்கள்

ஆரத்தி எடுத்து உள்ளே விட்டார்கள். தொப்புள்கொடி தானாக விழும்வரை அதில் எதையும் தடவக் கூடாது, 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்று சிஸ்டர் சொன்னதை நான் இரண்டு தடவை எழுதி வைத்தேன். பழைய சேலையில் தூளி கட்டினார் அத்தை. மொட்டைமாடிக் கொடியில் மாமாவின் வேட்டி துண்டு துண்டாகக் காய்ந்தது.

பெட்டியைக் குறை சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் பார்க்க வந்தவர்களுக்கு அது நாற்காலி; ராத்திரியில் பிளாஸ்க் வைக்கும் மேஜை. "நல்ல கனமான பெட்டி" என்று பெரியம்மா பாராட்டிவிட்டுப் போனார். பூட்டு விவகாரத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. "இப்ப எதுக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மாதத்தை ஓட்டினேன்.

ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்து இறங்கினால் பெட்டி கூடத்தில் வாயைப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் மாமா.

"எப்படித் திறந்தீங்க மாமா?"

"மூணு சைபர். கடையில வாங்குனப்ப இருக்கிற நம்பர் மாப்பிள்ளை. மாத்தாம விட்டா அதேதான் இருக்கும்."

001-இலிருந்து ஆரம்பித்தவன் ஒன்றும் பேசாமல் காலைக் கழுவப் போனேன். அத்தை ஒரு மஞ்சள் ஜப்லாவை எடுத்து மகளின் மேல் வைத்துப் பார்த்தார். தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஏழையும் மடித்துப் பெட்டியிலேயே வைத்து மூடினார்.

"பத்திரமா இருக்கட்டும் மாப்பிள்ளை. அடுத்ததுக்கு ஆகும்."