மருமகனுக்கு மாமன் எழுதின சீட்டு

வா மருமகனே, இப்படித் திண்ணையில உக்காரு. கண்ணு ஏன் இந்தச் சொருகு சொருகுது? வயித்து முறுக்கலுக்கும் படபடப்புக்கும் சேத்து டாக்டர் ஒரே மாத்திரையா எழுதிக் குடுத்தாராமே! அதுக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்கான். ஒருத்தன் குளோர்டயசிபாக்சைடு, பதட்டத்தை அடக்குறவன். 1960ல அமெரிக்காவுல லிப்ரியம்னு கடைக்கு வந்த பழைய புள்ளி, வேலியத்துக்கே அண்ணன். இன்னொருத்தன் கிளிடினியம். குடலை இளக்குவான், அமிலத்தைக் குறைப்பான், போற போக்குல வாயில இருக்குற எச்சிலையும் வத்தவச்சிருவான். பரவாயில்ல, நீ பேச்சைக் குறைச்சா ஊருக்கு நல்லதுதான்.

மாத்திரை மேல எனக்குக் கோவம் இல்ல. கம்பவுண்டர் வேலை பாத்த காலத்துல நானே எண்ணிக் குடுத்ததுதான். உன் சாமர்த்தியத்தைத்தான் சொல்லி மாளல. "மாத்திரை காலையிலதான மாமா, சரக்கு ராத்திரிதான"ன்னு கணக்கு வச்சிருக்கியே, எந்த வாத்தியாருய்யா சொல்லிக் குடுத்தாரு? அந்தக் குளோர்டயசிபாக்சைடு லேசுல வெளிய போகாது. உடைஞ்சு கரைஞ்ச பிறகும் அதோட மிச்சம் நாள்கணக்குல ரத்தத்துல நின்னு அசத்திக்கிட்டே இருக்கும். அது மேல சரக்கும் விழுந்தா, நீ நல்லாத் தூங்குறதா வீட்டுல நெனைப்பாங்க. மூச்சுல்ல குறைஞ்சுக்கிட்டிருக்கும்!

முதுகுவலிக்கு டிரமடால், இருமலுக்குக் கோடீன் சிரப்பு, அதுவும் உண்டாமே. அந்த வகையறாவும் குளோர்டயசிபாக்சைடு வகையறாவும் சேந்தா உயிருக்கே ஆபத்துன்னு 2016ல அமெரிக்க எஃப்.டி.ஏ. கட்டம் போட்டு எச்சரிச்சுச்சு. பாவம், உன்னைக் கேக்காம எழுதிட்டாங்க.

அதுபோகட்டும். உங்கப்பனுக்கும் ஒண்ணு பிச்சுக் குடுத்தியாமே, தர்மப்பிரபு! அவருக்குப் புராஸ்டேட் வீக்கம். ஏற்கெனவே அரிப்புக்கு அவில் போட்டிருக்காரு. அவிலும் கிளிடினியமும் ஒரே தொழில்காரங்க: வாய் காயும், மலம் இறுகும், கண்ணு மங்கும், மூத்திரம் அடைச்சுக்கும். என் மச்சான் நேத்து வேப்பமரத்தடியில நின்ன நேரத்துக்கு ரெண்டு வயலுக்குத் தண்ணி பாஞ்சிருக்கும், அவருக்கு மட்டும் ஒரு சொட்டு வரல. கண்ணழுத்தம் இருக்குறவங்களுக்கும் இது ஆகவே ஆகாது.

உன் வீட்டுக்காரி வேற, உன் குடியை நிறுத்த உனக்குத் தெரியாம குழம்புல டைசல்பிரம் கலக்கட்டுமான்னு கேட்டா. அது ஈரல்ல இந்த மாத்திரையைக் கழியவிடாது, மந்தம் இன்னும் ஏறும். நீ குடிச்சிருந்தா சொல்லவே வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிதான். "வேண்டாம் தாயி, விளக்குமாறு மட்டும்தான் எந்த மருந்தோடயும் ஒத்துப்போகும்"னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

உடனே வீராப்பா, "நாளையிலேருந்து மாத்திரையே வேண்டாம்"னு தூக்கிப் போட்டுராத. நாள்பட சாப்பிட்டதைப் பட்டுன்னு நிறுத்தினா கை நடுங்கும், தூக்கம் போகும், வலிப்புகூட வரும். டாக்டர்தான் படிப்படியாக் குறைக்கணும்.

இது எச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமக் குடுக்கக் கூடாது. உன் பேரு, டாக்டர் பேரு, எத்தனை மாத்திரைன்னு கடைக்காரர் நோட்டுல ஏத்தி மூணு வருஷம் வச்சிருக்கணும். உன் தோஸ்து கடையில அந்த நோட்டு எங்க இருக்குன்னு ஒரு நாள் கேட்டுப் பாரு.

சரி, எந்திரி. வீட்டுல கிடக்குற அட்டை, சிரப்பு, நாட்டு மருந்துப் பொட்டலம் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில அள்ளிக் கொண்டுபோய் டாக்டர் மேசையில கொட்டு. குவார்ட்டரை மட்டும் கொண்டுபோகாத. ஆனா அதையும் வாயால சொல்லிரு.