நூற்றாண்டுப் பெட்டி: ஒரகடம் செய்முறை

செட்டிநாட்டு மரச்சாமான் வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போக வேண்டும், விலை கேட்க வேண்டும், பேசாமல் திரும்ப வேண்டும். ஒரகடத்துக்காரர்களுக்கு அந்த அலைச்சல் எதற்கு?

தேவையானவை: காயலான் கடையில் வாங்கிய பைன் பேக்கிங் பலகை, தேக்கு வெனீர், வச்சிரம், அரக்கு, ஸ்பிரிட், உப்புத்தாள், பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த ஒரு தாத்தா (சொந்தத் தாத்தாவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை).

1. பிறந்த வருடம்: 1890 என்று முடிவு செய்யவும். அந்தப் பலகை வந்த ஒரகடம் ரெனோ-நிசான் கார் ஆலை திறந்ததே 2010இல்தானே என்று யாராவது இழுத்தால், பேச்சைத் தாத்தாவிடம் விட்டுவிடவும்.

2. பசை: வச்சிரம் என்பது மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்தது. இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து இளக்கவும். சூடு 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம்; கொதித்தால் பிடிப்பு போய்விடும். நாற்றம் தெருமுனை வரை போகும். 1959இல் ஃபெவிகால் வந்துவிட்டதே என்று பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினால், 'பாரம்பரியம் சார்' என்று கதவைச் சாத்தவும்.

3. வெனீர்: அரை மில்லிமீட்டர் கனம். சூடான வச்சிரம் பூசி, அகன்ற மழுங்கல் சுத்தியால் நடுவிலிருந்து ஓரம் வரை அழுத்தித் தேய்த்து, மிச்சப் பசையை வெளியேற்றவும். நகத்தால் தட்டிப் பாருங்கள்: 'டொக்' என்றால் ஒட்டிவிட்டது, 'பொத்' என்றால் உள்ளே காற்று. அந்த இடத்தை நனைத்து இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வச்சிரம் இளகி மறுபடி பிடிக்கும். செட்டிநாட்டு ஆசாரிகளுக்குப் பர்மாத் தேக்கு முழு மரமாகவே கப்பலில் வந்ததால், வெனீர் ஒட்டும் தேவை பெரும்பாலும் இருந்ததில்லை. வாங்குபவர் கேட்காதவரை இதைச் சொல்லாதீர்கள்.

4. பாலிஷ்: அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, கை நிற்காமல் வட்டம் வட்டமாகத் தேய்க்கவும். மழை நாளில் தேய்த்தால் வெள்ளை பூத்துவிடும். அதற்கும் ஐந்நூறு ரூபாய் கூட்டிச் சொல்லலாம்.

5. வயது: 1972ஆம் வருடச் சட்டப்படி ஒரு பழம்பொருளுக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். இங்கே ஒரு சாயங்காலம் போதும். வெனீர் ஒட்டாத உட்பக்கப் பைனில் துவர்ப்பு குறைவு. அதனால் முதலில் தேயிலை டிகாஷன், அது காய்ந்ததும் இரும்பு நார் ஊறிய வினிகர். நிறம் கறுத்துவிடும்.

விளையாட்டு போதும். நகல் செய்வது நல்ல கைத்தொழில். அடியில் உங்கள் பெயரையும் வருடத்தையும் எழுதிவிட்டால் யாருக்கும் தலைகுனிவில்லை. வாங்குகிறவர்கள் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கதிர்ப் படத்தோடு 'எச்.டி.' என்று முத்திரை இருந்தால், அது 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய ஏற்றுமதிப் பேக்கிங் மரம். அந்த முத்திரைக்கான சர்வதேச விதி வந்ததே 2002இல்தான்.