மஞ்சள் பட்டன்

ஆறு வருடங்களாக நான் ஒரே ஒரு மஞ்சள் பட்டனைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சம்பளம் மட்டும் ஒழுங்காக வருகிறது.

மாறுவது செயலியின் திரையை எழுதும் கருவிதான். முதலில் ஃப்ளட்டர். "எப்படி வரைவது என்று சொல்ல வேண்டாம், என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். அதுதான் டிக்ளரேட்டிவ்" என்றார் மேலாளர். அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து காபி கேட்கிற சுகம்! ஆனால் அங்கே எல்லாமே விட்ஜெட். எழுத்து ஒரு விட்ஜெட், நடுவில் வைக்க ஒன்று, சுற்றிலும் இடம் விடும் பேடிங்கும் ஒன்று. அடுக்கியது திரையைத் தாண்டினால் ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு விழும், சாலையில் பள்ளம் தோண்டிய இடம்போல. என் பட்டனும் மஞ்சள் என்பதால் முதல் நாள் அதை அலங்காரம் என்றே நினைத்தேன்.

அடுத்தது ஐபோனுக்காக ஸ்விஃப்ட்யுஐ. அப்போதெல்லாம், மேலிருந்து கீழாக அடுக்கும் ஒரு வீஸ்டாக்குக்குள் பத்துப் பிள்ளைகள்தான். பதினோராவதை வைத்தால் கம்பைலர் சம்பந்தமில்லாத புகார் ஒன்றைச் சொல்லும். சில நாள், "நியாயமான நேரத்தில் முடிக்க முடியவில்லை, உடைத்துக் கொடு" என்று கைவிரித்துவிடும். அதையே நான் சொன்னால் அப்ரைசலில் ஏறும்.

மூன்றாவது ஜெட்பேக் கம்போஸ். 2021 ஜூலையில் 1.0 வந்தது. முந்தையதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி முகச்சாயல்; ஆபத்தே அதுதான். ஸ்விஃப்ட்யுஐயில் பேடிங் சொல்லிவிட்டு மஞ்சள் பூசினால்தான் நிறம் ஓரம்வரை பரவும். கம்போஸில் மஞ்சள் முதலில், பேடிங் பிறகு. நான் பழைய வரிசையிலேயே எழுதினேன். தம்பி சட்டையை மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைபோல எழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது மஞ்சள். சந்தேகமே வராமல் ஒரு மத்தியானம் முழுக்க நிறத்தின் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன்.

எத்தனை முறை அமுக்கினார்கள் என்பதை வைத்துக்கொள்ள அங்கே 'ரிமெம்பர்' உண்டு. போனைப் பக்கவாட்டில் திருப்பினால் அது மறந்துவிடும். மறக்காமலிருக்க 'ரிமெம்பர் சேவபிள்' என்று தனியாக ஒன்று. வாயால் சொல்லி அனுப்புவது, சீட்டில் எழுதி அனுப்புவது என்று மளிகைக் கடை விஷயத்தில் என் மனைவியும் இதே இரண்டு முறைகளைத்தான் வைத்திருக்கிறாள்.

இப்போது ரியாக்ட். 2013இலேயே வெளிவந்துவிட்ட மூத்தவர். நான்தான் கடைசியில் வந்து சேர்ந்திருக்கிறேன். அமுக்கிய எண்ணிக்கையை ஒன்றாக்கிவிட்டு அடுத்த வரியிலேயே கேட்டால் பூஜ்யம் என்கிறார். மறுபடி வரையும்போதுதான் ஒப்புக்கொள்வார். பெரியவர்கள் அப்படித்தான்.

பட்டன் நேற்றுத் தயாராகிவிட்டது. வாடிக்கையாளர் பார்த்துவிட்டுப் பச்சை கேட்டிருக்கிறார்.