மானேஜர் வர்றார்!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர்கள்தான் குறைவு.

தம்புச் செட்டித் தெருவில் கஸ்டம்ஸ் கிளியரிங் பார்க்கும் கம்பெனி அது. மெட்ராஸ் இன்னும் சென்னை ஆகியிருக்கவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த தகுதியில் நான் உள்ளே நுழைந்திருந்தேன். கம்ப்யூட்டர் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதிலிருந்து வரும் கதிர் கண்ணைக் கெடுக்கும் என்றார் டெஸ்பாட்ச் பெரியவர். இரண்டு பேருக்காவது வேலை போகும் என்றார் கேஷியர். அவரைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. அறுபதுகளிலேயே கல்கத்தா எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டர் உள்ளே வரக்கூடாது என்று போராடியவர்கள். வங்கிகளில் எதை இயந்திரமாக்கலாம், எதுவரை ஆக்கலாம் என்பதற்கு 1983-இல் சங்கங்களோடு ஒப்பந்தமே போட வேண்டியிருந்தது. ஹெட் கிளார்க்கின் கவலை வேறு மாதிரி. “அது கூட்டட்டும்ப்பா, வேணாங்கல. தப்பாக் கூட்டினா மெமோ யாருக்குக் கொடுப்பே?” என்றார்.

டீ கொண்டுவரும் பையன் மட்டும், “கலர்ல வருமா சார்?” என்று கேட்டான். பின்னால் நடந்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால், விஷயம் புரிந்த ஒரே ஆள் அவன்தான்.

வந்தது கலரில்தான். அதற்கென்று கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறை, அதற்குள் ஏ.சி. வெளியே நாங்கள் அத்தனை பேரும் கடகடக்கும் மின்விசிறிகளுக்குக் கீழே காகிதம் பறக்காமல் இருக்க வெயிட் வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம். உள்ளே இயந்திரம் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தூசி ஆகாது என்று காரணம் சொன்னார்கள். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம்.

இன்வாய்ஸ் போடுவதற்கு டிபேஸில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுக்க வந்த இளைஞர், வேலை முடிந்து போகும்போது ஃபிளாப்பியிலிருந்து வேறு சிலவற்றையும் இறக்கிவிட்டுப் போனார். ‘டேஞ்சரஸ் டேவ்’ ஒன்று. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ இன்னொன்று. அன்றிலிருந்து ஆபீஸில் பாதிப் பேருக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் சரிபார்க்கும் அவசியம் ஏற்பட்டது.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா 1989-இல் வந்தது. அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தன் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லிப் படம்பிடித்து, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். அதனால்தான் அந்த வெள்ளை உடைக்காரன் விளிம்பில் தொங்கும்போது பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கியது. ஹெட் கிளார்க் ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தார். “யாருப்பா அது, இந்த ஓட்டம் ஓடறான்?” என்றார். ராஜகுமாரியைக் காப்பாற்றப் போகிறான் என்றோம். “ஓவர்டைம் உண்டா?” என்று கேட்டுவிட்டு சீட்டுக்குப் போய்விட்டார்.

ராஜகுமாரியை மீட்க விளையாட்டில் கொடுத்திருந்த நேரம் 60 நிமிடம். எங்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி. தம்புச் செட்டித் தெருவில் அந்தப் பெண்ணுக்கு விடுதலையே கிடைக்கவில்லை.

மானேஜர் கண்ணில் படாமல் ஆடுவது தனிக் கலை. டாஸில் ஆல்ட்-டேப் எல்லாம் கிடையாது. விளையாட்டை விட்டு வெளியே வர வேண்டும், ‘சி’ என்று கோடு போட்டு நிற்கும் திரையில் கட்டளை அடித்து, கணக்குப் போடும் லோட்டஸைத் திறக்க வேண்டும். அதற்குள் மானேஜர் வந்து, பார்த்து, திரும்பியே போயிருப்பார். போதாததற்கு கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் வேறு கீச்கீச்சென்று காட்டிக்கொடுக்கும். இன்வாய்ஸ் போட்டால் கம்ப்யூட்டர் ஏன் கத்துகிறது என்று அவர் கேட்டால், சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தோம். அவர் கேட்கவே இல்லை. அவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. தூரத்திலிருந்தே கதவுக்கு வெளியே எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்று பார்ப்பார். ஒரு ஜோடி என்றால் இன்வாய்ஸ்; நான்கு ஜோடி என்றால் ராஜகுமாரி. அந்தக் காலத்து மானிட்டரிங் சாஃப்ட்வேர் அவ்வளவுதான். அதையும் முறியடிக்கச் செருப்பை ஃபைல் பைக்குள் வைத்து உள்ளே எடுத்துப்போகிறவர்கள் தோன்றினார்கள்.

பிறகு விண்டோஸ் வந்தது, கூடவே சீட்டுக்கட்டு. 1990-இல் வெளியான விண்டோஸ் 3.0-வில் சாலிட்டேரை வைத்து அனுப்பியதற்குச் சொல்லப்பட்ட காரணம், மவுஸைப் பிடித்து இழுத்து விடும் வித்தையை ஜனங்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்பது. எங்கள் மானேஜர் இதை எங்கோ படித்திருக்கிறார். அவர் அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்ததும் மவுஸ் பழக ஆரம்பித்தார். ரிட்டயர் ஆகும்வரை பழகிக்கொண்டேயிருந்தார். யாராவது உள்ளே போனால் மறைக்கக்கூட மாட்டார். பழகுகிறவருக்கு என்ன பயம்?

சாலிட்டேரை எழுதிய வெஸ் செர்ரி என்பவர் அப்போது மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர். சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். உலகமெல்லாம் ஆபீஸ் நேரத்தைத் தின்ற அந்த விளையாட்டுக்காக செர்ரிக்கு ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. அதைவிட எனக்கு வருத்தமான சங்கதி ஒன்று உண்டு. மேலதிகாரி வருகிறார் என்றால் ஒரு விசையைத் தட்டினால் போதும், சீட்டெல்லாம் மறைந்து வேலை நடப்பதுபோல ஒரு திரை வந்து நிற்கும். அப்படியொரு ‘பாஸ் கீ’யையும் அவர் செய்து வைத்திருந்தார். கம்பெனி எடுக்கச் சொல்லிவிட்டது. அது மட்டும் இருந்திருந்தால் நியூயார்க்கில் ஒரு வேலை தப்பியிருக்கலாம். 2006-இல் அந்த ஊர் மேயர் மைக்கேல் புளூம்பெர்க், ஆல்பனியில் இருந்த மாநகர அலுவலகத்துக்குப் போனபோது ஓர் ஊழியரின் திரையில் சாலிட்டேரைப் பார்த்தார். அந்த ஊழியருக்கு வேலை போயிற்று.

விளையாட்டும் ஆபீஸும் பங்காளிகள் என்பது அந்த மேயருக்குத் தெரியவில்லை. டெட்ரிஸ் பிறந்ததே ஓர் அரசாங்க அலுவலகத்தில்தான். எண்பதுகளின் நடுவில் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அலெக்ஸி பஜித்னோவ், படம் காட்டவே தெரியாத ஓர் இயந்திரத்தில் அடைப்புக்குறிகளையே கட்டைகளாக விழவைத்தார். அன்றைக்கு ஒரு கண்டிப்பான ஹெட் கிளார்க் அந்தப் பக்கம் வந்திருந்தால் உலகத்துக்கு டெட்ரிஸ் இல்லை.

சரி, இப்போதைக்கு வருவோம். நான் இப்போது ஓ.எம்.ஆரில் இருக்கிறேன். வேலை ஏறக்குறைய அதே வேலைதான். தம்புச் செட்டித் தெருவில் கார்பன் தாள் வைத்து அடித்த பில் ஆஃப் லேடிங், இப்போது ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்திலிருந்து ஸ்கேன் ஆகிப் பெருங்குடியில் எங்கள் திரைக்கு வருகிறது. ஏ.சி. மனிதர்களுக்கும் உண்டு. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை; பதிலாகக் கழுத்தில் அட்டை தொங்க வேண்டும். செருப்பு, அறைக்குள் எத்தனை பேர் என்பதை மட்டும்தான் சொன்னது. அட்டை, எத்தனை மணிக்குக் கான்டீன் போனாய், எத்தனை மணிக்குத் திரும்பினாய் என்று எல்லாவற்றையும் சொல்லும்.

இரண்டாவது மாடியில் விளையாட்டு அறை இருக்கிறது. கேரம், டேபிள் டென்னிஸ், பெரிய டி.வி.யோடு பிளேஸ்டேஷன், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத பஞ்சு மூட்டை நாற்காலிகள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் அந்த அறையைத்தான் சுற்றிக் காட்டுவார்கள். அங்கே யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. ஏன் என்று என் டீமில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். “அங்க கேமரா இருக்கு சார். யாரு எவ்ளோ நேரம் இருந்தாங்கன்னு அப்ரைசல்ல வரும்” என்றாள். கேரம் போர்டில் பவுடர் புத்தம் புதிதாக அப்படியே கிடக்கிறது.

விளையாட்டு வேறு பக்கமாக வந்துவிட்டது. ஒவ்வொரு ஃபைல் முடிக்கும்போதும் பாயின்ட். இத்தனை பாயின்ட்டுக்கு ஒரு பேட்ஜ், இத்தனை பேட்ஜுக்கு ஒரு லெவல். சுவரில் இருக்கும் திரையில் யார் முதலிடம், யார் கடைசி என்று நாள் முழுக்கப் பெயர்கள் ஏறி இறங்கும். நாங்கள் திருட்டுத்தனமாக ஆடியதைத்தான் இப்போது ஹெச்.ஆர். சர்க்குலர் போட்டு ஆடச் சொல்கிறது. ஆட்டத்தில் இருந்த சுகத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். டேவ் செத்தால் மறுபடி முதலிலிருந்து ஆடலாம். இதில் செத்தால் இன்கிரிமென்ட் போகும்.

இன்னொன்று அந்தப் பச்சைப் புள்ளி. டீம்ஸில் பெயருக்குப் பக்கத்தில் இருக்குமே, அதுதான். ஐந்து நிமிடம் கை வைக்காவிட்டால் மஞ்சளாகிவிடும். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, பையன்கள் இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, அதன் மேல் மவுஸை வைத்துவிட வேண்டும். நொடி முள் நகர்வதைப் பார்த்து மவுஸ் தன்னை யாரோ அசைப்பதாக நினைத்துக்கொள்ளும். புள்ளி பச்சையாகவே இருக்கும், ஆள் போய்க் குளித்துவிட்டு வரலாம். இதற்கென்றே மவுஸை ஆட்டும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை வேலை நடப்பதுபோலப் பொய்யாகக் காட்டினார்கள் என்று 12 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பிய செய்தி 2024-இல் வந்தது.

பாருங்கள், அன்று மானேஜர் வந்தால் விளையாட்டை மறைத்தோம். இன்று மறைக்க வேண்டியது ஓய்வை. செர்ரியின் பாஸ் கீ மனிதன் வேலை செய்வதுபோலக் காட்டப் பார்த்தது. கைக்கடிகாரம் மனிதன் உயிரோடு இருக்கிறான் என்று மட்டும் காட்டுகிறது.

ஆரோக்கியத்துக்கு என்று ஒரு போட்டி வைத்தார்கள். தினம் 10,000 அடி நடக்க வேண்டும், போனில் இருக்கும் ஆப் எண்ணிக்கொள்ளும். பரிசு வாங்கியவர் நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. போனைக் கைக்குழந்தையின் தூளியில் கட்டி ஆட்டிவிட்டாராம். குழந்தையும் தூங்கிற்று, 10,000 அடியும் ஆயிற்று.

வீட்டில் கதை தலைகீழ். என் பையன் பப்ஜி தலைமுறை. 2020 செப்டம்பரில் அதைத் தடை செய்தபோது வீடு கொஞ்ச நாள் துக்க வீடாக இருந்தது. மறு வருடம் வேறு பெயரில் திரும்பி வந்தது. அவன் ஆடுவதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். “டெய்லி மிஷன் முடிக்கணும்பா”, “சீசன் முடியுது, டார்கெட் இருக்கு” என்பான். முகத்தில் சிரிப்பே இராது. இரவு 11 மணிக்கு அவன் அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நாக்பூரில் இருக்கும் யாருக்கோ உத்தரவு போடுவான். பக்கத்து அறையில் நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஹாம்பர்க்கில் இருக்கும் யாருக்கோ விளக்கம் கொடுப்பேன். “கவர் பண்ணு”, “ஏன் ரெஸ்பான்ட் பண்ணல?”, “டைம் இல்ல” என்று இரண்டு அறைகளிலிருந்தும் ஒரே வசனம். நடுவில் ஹாலில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி ஒருநாள் கேட்டாள்: “ரெண்டு பேர்ல யாருக்குச் சம்பளம் வருதுன்னு மட்டும் சொல்லுங்க, அவங்களுக்கு மட்டும் காபி தரேன்.”

விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பது என் வயதுக்காரர்களின் நிரந்தர அபிப்பிராயம். ஆனால் ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தை விட்டு, கடன் வாங்கி, உயிரையும் விட்டவர்களில் வேலையும் குடும்பமும் உள்ள பெரியவர்கள் எத்தனையோ பேர். அதற்குத்தான் தமிழ்நாடு 2022-இல் சட்டம் கொண்டுவந்து, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023-இல் மறுபடி நிறைவேற்ற வேண்டியிருந்தது. கெட்டது யார் என்று பேசும்போது கொஞ்சம் கண்ணாடி பார்த்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பற்றியும் இப்போது பெரியவர்கள் பேசுகிறார்கள். வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023-இல் சொன்னார். 90 என்று 2025 தொடக்கத்தில் இன்னொரு கம்பெனித் தலைவர் ஏலத்தை ஏற்றினார். இங்கே 2023 ஏப்ரலில், ஆலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எழுந்த எதிர்ப்பில் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். சென்னையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அப்போது சரியாக 100 வருடம். அவர் கொடி ஏற்றியதற்கு அந்த மரியாதையாவது கிடைத்தது.

தம்புச் செட்டித் தெருவில் மணி ஐந்தரை ஆனால் ஹெட் கிளார்க் எழுந்துவந்து தன் கையாலேயே கம்ப்யூட்டருக்கு உறையைப் போடுவார். ராஜகுமாரி எந்த ஆபத்தில் இருந்தாலும் சரி. “அதுக்கும் ரெஸ்ட் வேணாமா?” என்பார். பாரீஸ் கார்னரில் பஸ் பிடித்த பிறகு மறுநாள் காலைவரை ஆபீஸுக்கு எங்கள் விலாசம் தெரியாது. இப்போது வாட்ஸாப் குரூப்பில் இரவு பத்தரைக்கு ஒரு ‘குவிக் கொஸ்டின்’ வரும். பதில் போடாவிட்டாலும் நீல டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏ.ஐ. வந்துவிட்டது, வேலை போய்விடும் என்று இப்போது கான்டீனில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாம் பழைய கேஷியர் சொன்னதுதான். பில் ஆஃப் லேடிங்கைப் படித்துத் தானே நிரப்பும் ஒன்றை எங்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சரியாக நிரப்புகிறது. எப்போதாவது ஒரு கன்டெய்னரை இல்லாத ஊருக்கு அனுப்பிவைக்கிறது. மீட்டிங்கில், மெமோ யாருக்குக் கொடுப்பது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டி எனக்கு 50 பாயின்ட் கொடுத்தார்கள்.

இப்போது நானும் ஒரு மானேஜர்தான். அந்த முறையில் சக மானேஜர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ‘ஃபன் ஃபிரைடே’ என்று எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்துப் பலூன் ஊதச் சொல்வதை நிறுத்துவோம். அந்த நாலு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். எப்படி ஆடுவது என்று அவர்களுக்குத் தெரியும். பாயின்ட் மட்டும் நாம் போட வேண்டாம்.