சுறாக் குடும்பத்தில் மூன்றாம் இடம்

எங்கள் வீட்டில் என் பதவி என்ன என்பதை ஒரு சுறா வந்து சொல்ல வேண்டியிருந்தது. 'பேபி ஷார்க்' பாட்டில் முதலில் குட்டி வரும், அடுத்து அம்மா, அப்புறம்தான் அப்பா. பாட்டியும் தாத்தாவும் எனக்குப் பின்னால்தானே என்று ஆறுதல் அடையலாம். மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கினால் அந்த வரிசையும் மாறிவிடும்.

ராஜா பாட்டில் புல்லாங்குழல் எந்த இடத்தில் நுழைகிறது என்று, கேட்காதவர்களுக்கும் வகுப்பெடுத்தவன் நான். இப்போது ஆபீஸ் லிஃப்டில் என்னையறியாமல் சுறாவை முணுமுணுக்கிறேன். மானத்தைக் காப்பாற்ற ஆராய்ச்சியில் இறங்கினேன். பாட்டுக்கு முன்னால் மிரட்டலாக ஒரு இசைத்துணுக்கு வருகிறதே, அது த்வோராக் 1893இல் எழுதி முடித்த ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பகுதி தொடங்குவது போலவே இருக்கும். "இது சாதாரணப் பாட்டில்லை, சிம்பொனி வாசனை அடிக்குது" என்றேன் மனைவியிடம்.

"அப்ப அந்த வாசனையிலயே பிள்ளைக்கு இன்னும் நாலு வாய் ஊட்டிடுங்க."

பாட்டின் பூர்வீகம் அமெரிக்கா. கோடை முகாம்களில் பிள்ளைகள் கைகளை அசைத்து அசைத்துப் பாடியது. இன்னார் கட்டியது என்ற பட்டா இல்லாத பாட்டு. முகாம்களில் சுறா நீச்சல்காரரைக் கடித்துக் குதறும், ஆள் செத்தும் போவார். தென்கொரியாவின் பிங்க்ஃபாங் நிறுவனம் ரத்தத்தைத் துடைத்து, தாளத்தை முடுக்கி, 2016 ஜூனில் யூடியூபில் ஏற்றியது. 2020 நவம்பரில் 'டெஸ்பசீட்டோ' பாட்டை முந்தி, பார்வைக் கணக்கில் முதலிடம். 2022 ஜனவரியில் ஆயிரம் கோடி பார்வைகள். அப்போது உலக ஜனத்தொகையே 800 கோடிக்குள்தான். மிச்சக் கணக்கை நேர்செய்தது யார் என்று எங்கள் வீட்டு டிவிக்குத் தெரியும்.

2019இல் ஃபுளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச் நகர நிர்வாகத்தினர், பூங்கா மண்டபத்தில் ராத்திரி யாரும் படுத்துத் தூங்கிவிடக் கூடாது என்று இந்தப் பாட்டைப் போட்டார்கள். வீடில்லாதவர்களை விரட்டும் கேவலமான யோசனைதான், ஆனால் பாட்டின் பலத்தைச் சரியாக எடைபோட்டிருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை ஓக்லஹோமாவில். கைதிகளை விலங்கோடு நிற்கவைத்து மணிக்கணக்கில் கேட்கவைத்ததாகச் சிறைக் காவலர்கள் மேல் 2020இல் வழக்கே பதிவானது. நான் விலங்கில்லாமலே நிற்கிறேன், அபிநயமும் பிடிக்கிறேன். வழக்குப் போட நாதியில்லை.

எங்கள் ரெண்டு வயதுக்காரனுக்கு இந்தப் பாட்டில் என்ன கிறக்கம்? அடுத்து யார் வருவார் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும், சொன்னபடி அவரும் வந்துவிடுகிறார். நாள் முழுக்க மற்றவர்கள் இழுத்த இழுப்புக்குப் போகிற ஜீவனுக்கு இது ஜோசியம் பலித்த சந்தோஷம். நினைவில் வைக்கச் சொற்களும் அதிகமில்லை. கைகள் வேறு சேர்ந்துகொள்கின்றன: குட்டிக்கு இரண்டு விரல், அம்மாவுக்கு இரண்டு உள்ளங்கை, அப்பாவுக்கு முழுக்கை இரண்டும். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய வேடம் அதுதான். அதற்கும் தோள்பட்டை ஒத்துழைப்பதில்லை. பாதி விரித்தால் "அப்பா, பெருசா!" என்று இயக்குநர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

இந்தப் பாட்டு ஒரு பச்சைப் பொய் என்று நிரூபிக்கவும் முயன்றேன். நிஜச் சுறாக்களுக்குக் குடும்பமே கிடையாது. தகப்பன் எந்தக் கடலில் இருக்கிறான் என்றே தெரியாது. தாயும் ஈன்றதோடு சரி. குட்டி பிறந்த அன்றே தன் இரையைத் தானே தேடப் புறப்பட்டுவிடும்.

"தானாவே சாப்பிட்டுக்குமா?" என்றாள் மனைவி, கையில் பருப்பு சாதக் கிண்ணத்தோடு. அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தை நான் எந்தப் பாட்டிலும் கேட்டதில்லை.

மாமியார்தான் வேறு கோணத்தில் யோசித்தார். "பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறணும்னு வாரம் தவறாம பால்சுறா வாங்கிப் புட்டு பண்ணிப் போட்டேனே மாப்பிள்ளை. அவளைவிட நீங்கதான் ஜாஸ்தி சாப்பிட்டீங்க. அதுங்க சும்மா விடுமா?"